டெல்மர் பிரித்துப் போட்ட பிக்கப்

டெல்மர் ட்வெய்ட் தன் ஆயுளில் ஒரு வண்டியைக்கூட மெக்கானிக்கிடம் விட்டதில்லை. இதை ஊரார் தாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவனே சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றும்போது சொல்வான். தானியக் கிடங்கின் வாசலில் லாரியோடு காத்து நிற்பவர்களிடம் சொல்வான். சாவு வீட்டில்கூட, பேச்சு எப்படியோ வண்டிப் பக்கம் திரும்பிவிட்டால் சொல்லாமல் விடமாட்டான்.

"என் வண்டியில அடுத்தவன் ஸ்பேனர் பட்டதில்ல."

அவன் மனைவி ஆர்லிஸ் அப்போதெல்லாம் வாயைத் திறக்கமாட்டாள். கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பாள், அல்லது அடுக்கியதையே மறுபடி அடுக்குவாள். அடுத்தவன் ஸ்பேனர் படாத காரணத்தால் அந்த வீட்டில் என்னென்ன ஓடாமல் கிடக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். துணி துவைக்கும் மெஷின் பின்பக்கத் தகடு இல்லாமல் நின்றது. படகு மோட்டார் ஒன்று எண்ணெய்ப் பீப்பாய்க்குள் தலைகீழாகத் தொங்கியது. கல்யாணத்துக்கு வாங்கிய கார் கியர்பெட்டி இல்லாமல் கொல்லையில் நின்றது; அதன் பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

டெல்மர் ஒன்றும் தெரியாதவன் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயில் மாற்றுவான், பிரேக் கட்டை போடுவான், டயரைப் பார்த்தே எந்தப் பக்கம் தேய்கிறது என்று சொல்வான். கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் சாலைகளில் மண்ணைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் ஓட்டுவதுதான் அவன் வேலை. அதில் அவனை மிஞ்ச வடக்கு டகோட்டாவில் ஆளில்லை என்பார்கள். ஆனால் வீட்டு கராஜுக்குள் நுழைந்தால் அவனுக்கு ஒரு வியாதி. பிரிக்கும்போது கண்ணில் ஒரு பளபளப்பு இருக்கும். ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, காப்பி டப்பாவில் போட்டு வைப்பான். மாட்டவேண்டிய நாள் வந்ததும் அந்தப் பளபளப்பு போய்விடும். "பார்ட்ஸ் வரல," என்பான். பிறகு அடுத்ததைப் பிரிக்கத் தொடங்குவான்.

கல்யாணமான வருஷம் அவன் முதலில் கட்டியது கராஜைத்தான். வீட்டைவிட அது பெரிது. சமையலறை அலமாரிகளுக்குக் கதவு போடுவதாகச் சொன்னான். கதவுகள் கராஜில், சுவரில் சாய்ந்து நின்றன.

1970களின் நடுவில் ஆர்லிஸின் அப்பா இங்வால்ட் மோ இறந்துபோனார். பீட்கிழங்கு பயிரிட்டவர். நிலம் அண்ணன்களுக்குப் போயிற்று; அவருடைய பச்சை பிக்கப் ஆர்லிஸுக்கு வந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவளுக்கோ நிலத்தைக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. அறுவடை முடிந்த வயலில், கால் எட்டாத வயதில், அப்பா மடியில் உட்கார்ந்து, கிளச்சை அவர் மிதிக்க, அவள் ஓட்டிப் பழகிய வண்டி அது. சீட்டில் இன்னும் அவருடைய புகையிலை வாசம் இருந்தது.

பெயர் மாற்றும் வேலையை டெல்மர் எடுத்துக்கொண்டான். கவுண்டி ஆபீஸில் எல்லாரையும் அவனுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பத்திரத்தில் அவன் பெயர் இருந்தது.

"இதென்ன டெல்மர், உன் பேரு போட்டிருக்கு?"

"யாரு பேருல இருந்தா என்ன? ஒரே வீடுதானே."

அந்த இலையுதிர் காலம் முழுவதும் ஆர்லிஸ் பிக்கப்பில்தான் வேலைக்குப் போனாள். ஹால்வர் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவள் சமையல்காரி. பனி விழத் தொடங்கிய வாரம், டெல்மர் வாசலில் நின்று வண்டியின் புகைக்குழாயைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நீலப் புகை வருது பாரு. ரிங் போச்சு. என்ஜினை இறக்கி முழுசா பண்ணிடறேன். பனி உருகறதுக்குள்ள புதுசு மாதிரி ஆயிடும்."

"ஓடுதே. கொஞ்சம் ஆயில் குடிக்குது, அவ்வளவுதானே. அப்பா அப்படியேதான் ஓட்டினார்."

"அதனாலதான் வண்டி இந்தக் கதியில இருக்கு."

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது என்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. டெல்மர் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

பனி உருகியது. மறுபடி விழுந்தது. அப்படி ஏழு குளிர்காலம் போயிற்று. பிக்கப் கட்டைகள்மேல் நின்றது. என்ஜின் சக்கரம் வைத்த சட்டத்தின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பிஸ்டன்கள் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு அலமாரியில் இருந்தன. ஆரம்பத்தில் ஆர்லிஸ் கேட்டாள். "பார்ட்ஸ் வரல" என்ற பதில் வந்தது. பிறகு கேட்பதை விட்டாள். வேலைக்கு அவள் ஐயோன் டாலோடு போனாள். ஐயோனும் அதே சமையலறையில்தான் வேலை பார்த்தாள். வீடு ஒரு மைல் தள்ளி. காலையில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டும். ஒரு ஜனவரியில் ஐயோனின் கார் கிளம்பத் தாமதமாக, காத்து நின்ற ஆர்லிஸின் கன்னத்தில் குளிர் கடித்துவிட்டது. அந்த இடத்துத் தோல் செத்து உரிந்து, வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. டெல்மர் கவுண்டியின் ஆரஞ்சு நிற பிக்கப்பில் எதிர்த் திசையில் வேலைக்குப் போய் வந்தான். அவளைக் கொண்டுபோய் விடுவதென்றால் அவனுக்குச் சுற்று.

அவனுடைய தம்பி லோவல் வரும்போதெல்லாம் கராஜுக்குள் எட்டிப் பார்ப்பான்.

"ஏன் டெல்மர், இது பிக்கப்பா, கோழிக்கூடா?"

"அவசரப்பட்டு மாட்டினா அவசரமா நின்னுடும். உனக்கெங்க புரியப்போகுது? நீதான் டவுன் மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் விடற ஆளாச்சே."

"ஆனா என்னோடது ஓடுதுல்ல," என்பான் லோவல். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

எட்டாவது குளிர்காலம் தொடங்கும் சமயத்தில், சாலை வேலையில் இருக்கும்போதே டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. இயந்திரம் தானாக ஓடி ஒரு சரிவில் இறங்கி நின்றிருந்தது. வலது கையும் வலது காலும் போயின. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

கவுண்டிக்காரர்கள் வந்து ஆரஞ்சு பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தோடு அந்த வீட்டில் ஓடுகிற வண்டி என்று ஒன்றுமில்லை. டெல்மரைக் கை கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லோவல் வருவான். வந்தாலும், காத்திருக்கும் நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். டிசம்பரில் ஒரு பெரிய பனி விழுந்தது. பாதையை வந்து திறந்துவிடுவதாக லோவல் போனில் சொன்னான். வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள். பனி வாரும் மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளே கழன்றுவிடும்போல் ஆயிற்று. அது இருமக்கூட இல்லை. கொஞ்சநேரம் அதன் எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்தாள். பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தாள். கார்புரேட்டரைக் கழற்றியபோது உள்ளே பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடிப்பிடித்த பாத்திரம் அவளுக்குப் புதிதா என்ன? ஊறவைத்தாள், சுரண்டினாள், ஒரு மெல்லிய கம்பியை நுழைத்துத் துளையைத் திறந்தாள். எந்த வரிசையில் கழற்றினாளோ அதற்கு நேர் எதிர் வரிசையில் மாட்டினாள். கயிற்றை இழுத்ததும் அது குரைத்துக்கொண்டு எழுந்தது.

ஆர்லிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தனியாக நின்று அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சாலைவரை பாதையைத் திறந்துவிட்டு, மூக்கு சிவக்க வீட்டுக்குள் வந்தாள். டெல்மர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான்.

"யாரைக் கேட்டு என் டூல்ஸைத் தொட்ட?"

"பாதை திறந்தாச்சு டெல்மர்."

"எங்க இருந்து எடுத்தியோ அங்க வச்சியா? வச்சிருக்கமாட்டே."

அந்தச் சனிக்கிழமை அவள் பிக்கப்பின் என்ஜின்மேலிருந்த தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள். தடுத்துப் பார்த்துவிட்டு, முடியாது என்று தெரிந்ததும், டெல்மர் தன்னையும் கராஜுக்குத் தள்ளிப் போகச் சொன்னான். விறகு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். அவள் கை நகரும். அவன் வாய் நகரும்.

"அப்படிப் பிடிக்கக்கூடாது. ரொட்டி மாவா பிசையற? அழுத்து. போதும் போதும், திருகு கழண்டு கையோட வந்துடப் போகுது. உங்க அண்ணனுங்களே தேவல."

அலமாரியைத் துடைக்கும்போது அவளுக்கு முதல் பெட்டி கிடைத்தது. புது ரிங்குகள். பின்னால் இன்னொரு பெட்டியில் பேரிங்குகள். அதற்கும் பின்னால் மேல்மூடிக்கு வைக்கும் தகடு. எல்லாப் பெட்டிகளும் திறந்திருந்தன. மேலே தூசி தடித்துப் படிந்திருந்தது. பார்ட்ஸ் வராமல் இல்லை. முதல் வருஷமே வந்துவிட்டிருக்கின்றன. அவள் பெட்டிகளை வரிசையாக மேஜைமேல் வைத்தாள். டெல்மர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்ன ஏன் நிறுத்தின?" என்று கேட்டாள்.

"மத்ததெல்லாம் சரியா வரணும்ல."

ஏன் நிறுத்தினான் என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. என்ஜினின் அடிவயிற்றில் கிராங்க் என்னும் கனத்த தண்டு படுத்திருக்கும். அதை ஐந்து இரும்பு மூடிகள் போல்ட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். டெல்மர் அதுவரை மாட்டி முடித்திருந்தான். ஆனால் தண்டைச் சுற்றினால் சுற்றவில்லை. ஆர்லிஸ் நீளக் கம்பி போட்டு நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. எதையும் நெம்பாமல் விளக்கை மட்டும் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு மூடியாகப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன அம்புக்குறி வார்த்திருந்தது. நாலு அம்பு என்ஜினின் முன்பக்கம் பார்த்தன. நடுவில் இருந்தது மட்டும் பின்பக்கம் பார்த்தது.

"டெல்மர், இந்த நடு மூடி திரும்பியிருக்கு."

  அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை. அதுதான் அவளை அடித்தது. தண்டு சுற்றவில்லை என்பது அவனுக்கு அன்றே தெரியும்; ஏன் என்பதுதான் தெரியாது, அதைத் தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் காட்டிக்கொடுத்திருப்பார்கள். அதற்குப் பதில் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டான்.

"அதை நான் அப்பவே பார்த்தேன்," என்றான் கடைசியில். "திருப்பிப் போடலாம்னுதான் இருந்தேன்."

அவள் கையில் கனமான ஸ்பேனர் இருந்தது. அதைக் கொண்டு அவன் மண்டையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதாகப் பிற்காலத்தில் ஐயோனிடம் சொல்லியிருக்கிறாள். போடவில்லை. மூடியைக் கழற்றி, புது பேரிங் வைத்து, அம்பை முன்பக்கம் திருப்பி, போல்ட்டை முடுக்கினாள். தண்டின் நுனியில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு அது சத்தமில்லாமல் சுற்றியது.

அவள் வெளியே போய்ப் பனியில் நின்றாள். தபால் பெட்டி தெரிந்தது. கன்னத்துத் தழும்பு குளிரில் எப்போதும்போல மரத்துப்போயிற்று. உள்ளேயிருந்து டெல்மர் கத்தினான்: "கதவைச் சாத்து! சூடெல்லாம் போகுது!"

ரிங்குகளைப் போட்டாள். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். கை வெட்டுப்பட்டது, நகம் கறுத்தது, பள்ளிக்கூடத்தில் ரொட்டி மாவைத் தொடுவதற்குமுன் கையை உப்பும் சோப்பும் போட்டுத் தேய்க்கவேண்டியிருந்தது. என்ஜினை வண்டிக்குள் இறக்குவதற்கு ஒரு ஆள் போதாது. ஐயோன் வந்தாள். அவள் சங்கிலியைப் பிடித்தாள், ஆர்லிஸ் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தாள்.

"உட்காருதா?"

"இன்னும் கொஞ்சம். என் பக்கம் தள்ளு. உன் இடுப்பை வச்சுத் தள்ளு ஐயோன், அதை எதுக்கு வளர்த்து வச்சிருக்கே?"

"வாயை மூடு. கையை விட்டேன்னா நீ தகடுதான்."

"நிறுத்து நிறுத்து, விரல்! ...ம், இப்ப விடு."

என்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்தபோது இருவரும் தரையில் சரிந்து, மூச்சுவிட முடியாமல் சிரித்தார்கள். அடுப்போரத்திலிருந்து டெல்மர், "சிரிச்சு முடிச்சாச்சுன்னா அந்தச் சங்கிலியைச் சுத்தி வைங்க," என்றான்.

ஏப்ரலில், வயலில் கறுப்பு மண் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆர்லிஸ் சாவியைத் திருகினாள். இரண்டு முறை வெடித்தது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. சத்தம் முதலில் தடுமாறி, பிறகு சீராகி, அவள் சின்ன வயதில் வயலிலிருந்து கேட்ட அதே சத்தமாக ஆயிற்று. டெல்மர் அழுதுகொண்டிருந்தான். நல்ல கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அழுதான். அவளுக்காகத்தான் அழுகிறானோ என்று அவள் ஒரு நொடி நினைத்தாள். அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு அவள் தன்னையே வைதுகொண்டாள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். டெல்மரை நாற்காலியோடு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. இடது கையை பிக்கப்பின் முன் பக்கத்துமேல் வைத்திருந்தான், குதிரையைத் தடவுகிற மாதிரி.

"ஏழு வருஷம் எடுத்துக்கிட்டேன்," என்றான். "அவசரப்படல. இப்பக் கேளுங்க அந்தச் சத்தத்தை."

"கடவுளே! ஒத்தைக் கையாலயா முடிச்சே, டெல்மர்?"

"ஆர்லிஸ் அப்பப்ப எடுத்துக் கொடுத்தா."

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் கராஜ் வாசலில் காப்பிக் கூஜாவோடு நின்றாள். லோவல் தன் கோப்பையை நீட்டினான். "உனக்கும் ஒரு கும்பிடு ஆர்லிஸ். இவனுக்கு எடுத்துக் கொடுக்கிறதுன்னா சும்மாவா! காதே போயிருக்குமே உனக்கு." ஆண்கள் சிரித்தார்கள். அவள் கோப்பையை நிரப்பினாள்.

அடுத்த ஞாயிறு, துன்பத்திலும் தளராத மனதுக்கு உதாரணமாகப் போதகர் பிரசங்கத்தில் டெல்மரின் பெயரைச் சொன்னார். ஐயோன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். சாயங்காலம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்த? நான் பார்த்தேன்ல, நீதானே எல்லாத்தையும் செஞ்சே?"

"அவனுக்கு வேற என்ன இருக்கு ஐயோன்? இருந்துட்டுப் போகட்டும். வண்டி எங்கிட்ட இருக்கு. பேரு அவன்கிட்ட இருக்கட்டும்."

"நீ ஒரு முட்டாள்," என்று ஐயோன் போனை வைத்தாள்.

அந்தக் கோடை ஆர்லிஸின் வாழ்க்கையில் நல்ல கோடை. வேலைக்கு அவள் தனியாகப் போனாள். திரும்பும்போது சும்மா ஆற்றோரம் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கல்லறைக்குப் போனாள். ஒருநாள் காரணமே இல்லாமல் மின்னசோட்டா எல்லைவரை போய், ஒரு ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். டெல்மர் ஜன்னலோரம் இருப்பான். "எங்க போனே?" என்பான். "சும்மா," என்பாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவள் அந்தச் சொல்லை அவனிடம் சொன்னதேயில்லை.

அக்டோபரில் பீட்கிழங்கு அறுவடைக்கு ஆள் ஏற்றிப் போக லோவல் வண்டியை இரவல் கேட்டான். டெல்மர் சரி என்று சொல்லிவிட்டான். அறுவடைக்கு இல்லை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள், ஆர்லிஸும் சொல்லவில்லை. மறுபடி தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அறுவடை முடிந்தது. வயல்கள் காலியாயின. வண்டி வரவில்லை. அவள் லோவலுக்குப் போன் செய்தாள்.

 "டெல்மர் உங்கிட்ட சொல்லலையா? எனக்கே வச்சுக்கச் சொல்லிட்டானே. பத்திரத்துலகூட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான்."

அவள் போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அது எங்கப்பாவோட வண்டி."

"லோவல் வாரா வாரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். அவனுக்கு ஏதாவது செய்யணும்ல," என்றான் டெல்மர்.

"நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். நீதான் வரமாட்டேன்னே."

"நீதான் ஐயோனோட போவியே. இத்தனை வருஷம் போகலையா?"

"அதை நான் பண்ணினேன் டெல்மர். ஒவ்வொரு போல்ட்டும் நான் போட்டது."

"யாரு சொல்லிக் கொடுத்தா? யாரு கராஜ், யாரு டூல்ஸ்?" அவன் முகம் சிவந்துபோயிற்று. பிறகு திடீரென்று குரல் தாழ்ந்தது. "காலைல நீ அதைக் கிளப்பிக்கிட்டுப் போவே. சாலை திரும்பறவரைக்கும் அந்தச் சத்தம் கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டு நான் இங்கயே உட்கார்ந்திருக்கணுமா? நாள் பூரா? உனக்கு அது என்னன்னு தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஏழு குளிர்காலம் அவனுடைய ஆரஞ்சு பிக்கப் போகும் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். சொல்லவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் மனசு இளகவில்லை. இன்னும் இறுகித்தான் போயிற்று.

அதற்குப்பின் டெல்மர் நாலைந்து வருஷம் இருந்தான். அவள் அவனைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போட்டாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த கராஜுக்குள் அவள் மறுபடி கால் வைக்கவில்லை. பனி வாரும் மெஷின் நின்றுபோனது. சம்மட்டி மாதிரி கனக்கும் ஈரப் பனியை மண்வெட்டியால் வாரி, சாலைவரை பாதை போட்டாள், அவன் ஜன்னலுக்கு நேர் எதிரில்.

"கார்புரேட்டர்தான் அடைச்சிருக்கும்! உனக்குத்தான் தெரியுமே, சின்ன வேலைதானே!" என்று உள்ளேயிருந்து கத்துவான்.

"உன் டூல்ஸ் டெல்மர். நீ வந்து பண்ணு."

அப்படிச் சொன்ன அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த பனிக்கும் அதையேதான் சொன்னாள்.

வேலை செய்ய இடமில்லாமல் போகவில்லை. ஐயோன் தன் கராஜில் ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தாள். ஆர்லிஸ் அங்கே ஐயோனின் காருக்குத் தண்ணீர் பம்ப் மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவும் இயந்திரம் நின்றபோது, தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பச் சொல்லி எழுதுவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டாள். கிளச் போன ஒரு சின்னக் காரை, வேண்டாம் என்று ஒருவர் தள்ளிவிட்டதை, வாங்கி உயிர் கொடுத்தாள். கவுண்டி ஆபீஸில் பெயர் எழுத அவளே போனாள். "உங்க வீட்டுக்காரர் பேரும் சேர்க்கணுமா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். "வேண்டாம்" என்றாள். அந்தக் கார் எப்படி ஓடுகிறது என்று டெல்மர் ஒருநாளும் கேட்கவில்லை. "யாரு பண்ணிக் கொடுத்தா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். அவள் சூப்பை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாயைத் திற," என்றாள்.

ஒரு மார்ச் மாதம் டெல்மர் தூக்கத்திலேயே போய்விட்டான். சவ ஊர்வலத்துக்கு முன்னால் லோவல் பச்சை பிக்கப்பை ஓட்டிப் போனான். கழுவித் துடைத்திருந்தான். போதகர் டெல்மரின் கைகளைப் பற்றிப் பேசினார். உடைந்ததைக் கைவிடாத கைகள், ஒன்று செயலிழந்த பின்னும் மற்றதைக்கொண்டு முடித்த கைகள் என்றார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். ஆர்லிஸ் வயசுப் பெண்ணொருத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே ஏதாவது உடைஞ்சா என்ன பண்ணுவே, பாவம்? வீட்லயே ஆள் இருந்தானே உனக்கு."

ஆர்லிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஐயோன் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, தன் சாண்ட்விச்சைத் துண்டுதுண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பனி உருகியபின், டெல்மரின் துப்பாக்கிகளை எடுத்துப்போக லோவல் வந்தான். பிக்கப்பில்தான் வந்தான். முன் கதவடியில் துரு ஏறியிருந்தது. ஆர்லிஸ் அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"லோவல், அந்த வண்டியை எனக்கே கொடுத்துடேன். என்ன கேட்டாலும் தரேன்."

அவன் காப்பியைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது. "கேக்காதே ஆர்லிஸ். வேற எது வேணும்னாலும் கேளு. அதை எப்படிக் கொடுப்பேன்? என் அண்ணன் கையால பண்ணினது. அவனோட ஞாபகம்னு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அவன் பண்ணல லோவல். நான் பண்ணினேன்."

லோவல் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமோ சந்தேகமோ இருந்திருந்தால்கூட அவள் பேசியிருப்பாள். நடு மூடியைச் சொல்லியிருப்பாள், அம்புக்குறியைச் சொல்லியிருப்பாள், ஐயோனைக் கூப்பிட்டிருப்பாள். அதில் இருந்தது இரக்கம் மட்டும்தான். அவன் மேஜைமேல் கையை நீட்டி அவள் கைமேல் வைத்தான்.

"நீ ரொம்ப உதவி பண்ணினே. எனக்குத் தெரியாதா? அவனே சொல்வான்."

அவன் துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி சீட்டில் வைத்தான். வண்டியைக் கிளப்பினான். என்ஜின் சத்தத்துக்கு அடியில், மெல்லிசாக, இரும்பு சிணுங்குகிற மாதிரி ஒரு ஒலி ஆர்லிஸின் காதில் விழுந்தது. தண்ணீர் பம்பின் பேரிங். இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போகும். தண்ணீர் வற்றி என்ஜின் கொதித்தால் மேல்மூடி வெடித்துவிடும். லோவல் ஜன்னல் வழியாகக் கையசைத்தான். அவளும் அசைத்தாள்.

அடுத்த பிப்ரவரியில் நெடுஞ்சாலையில் அது நின்றுபோனது. கொதித்து, மூடி பிளந்து, என்ஜினே போயிற்று என்றார்கள். லோவல் அதைக் கட்டி இழுத்துவந்து தன் களஞ்சியத்துக்குப் பின்னால் நிறுத்தினான். விற்கமாட்டேன், அண்ணன் இருந்திருந்தால் ஒரு நாளில் சரிபண்ணியிருப்பான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரும் ஆமாம் என்கிறது. ஆர்லிஸ் வேலைக்குப் போகும் சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியும். அவள் அந்த வழியாகத்தான் போகிறாள். வேறு வழி சுற்று.